வாரம் ஒரு வேப்பெண்ணெய்

தொட்டிச் செடி வளர்ப்போர் பெருகிவிட்ட இந்நாளில், செம்பருத்தித் தளிரில் வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கிறது என்று ஒருவர் வாய் திறந்தால் போதும். கேட்பவர் செடியைப் பாராமலும், பூச்சி இன்னதென்று விசாரியாமலும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து வாரந்தோறும் தெளித்துவரும்படி விதித்துவிடுகிறார். பூச்சி வராத செடிக்கும் இதுவே விதி. இயற்கைப் பொருள்தானே, தெளித்து வைப்பதால் என்ன கெடுதல் என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். அந்தச் சமாதானத்தின்மேல்தான் எனக்கு நெடுநாளாக ஆட்சேபம்.

வேம்பின் குணத்தை நான் மறுக்கவில்லை. 1968-இல் அதன் விதையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுத்து, அது தோலுரித்து வளரும் முறையையும் குலைப்பது நிரூபணமான விஷயம். வேம்பின்மேல் ஐரோப்பாவில் 1994-இல் அந்நியருக்கு வழங்கப்பட்ட காப்புரிமை 2000-இல் ரத்தாகி, மேல்முறையீட்டிலும் 2005-இல் தோற்றது நமக்குப் பெருமையே. குழந்தைகள் நடமாடும் வீட்டில் கடும் விஷங்களைவிட இது மேல் என்பதிலும் தர்க்கம் இல்லை.

ஆனால், மாவுப்பூச்சியின் வாழ்க்கையைச் சற்றே கவனித்தவர் எவரும் இந்த நாட்காட்டி வைத்தியத்தில் நம்பிக்கை கொள்ள மாட்டார். வளர்ந்த பெண்பூச்சி மெழுகுப் பூச்சுக்குள் பத்திரமாக இருக்கிறது. நூற்றுக்கணக்கான முட்டைகள் பஞ்சுபோன்ற பைக்குள் கிடக்கின்றன. இலைக்காம்பின் இடுக்கும் தொட்டியின் விளிம்படியும், சில வகைகளுக்கு வேரும், அவற்றின் இருப்பிடம். மேலாகத் தூவிய கரைசல் அவ்விடங்களை எட்டுவது அரிது. எட்டிய இடத்திலும் அசாடிராக்டின் வெயில்பட்டுச் சில நாளில் சிதைந்துவிடும். முட்டையிலிருந்து வெளிவந்து ஊரும் இளங்குஞ்சுதான் இந்த மருந்துக்கு எளிதில் அகப்படுவது. அக்குஞ்சுகளுக்காகவே வாரந்தோறும் தெளிக்கிறோம் என்பார் உளர். பூச்சியைக் கண்டு தொடங்கி, அது ஒழிந்ததும் நிறுத்துகிறவருக்கு அவ்வாதம் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று என்பதற்காகத் தெளிப்பவருக்கு அது எங்ஙனம் பொருந்தும்?

தெளிப்பானைக் கையில் எடுத்தவர் கண்ணை மூடிக்கொள்கிறார் என்பதே என் பிரதான குற்றச்சாட்டு. சுவரோரமாக எறும்புச் சாரி ஏறித் தொட்டிக்குள் இறங்குவதை அவர் பார்ப்பதில்லை. மாவுப்பூச்சியும் அசுவினியும் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காத்து, அவற்றைத் தின்ன வரும் பிராணிகளை விரட்டியடிக்கின்றன. அந்தக் காவல் நீடிக்கும்வரை தெளிப்பு வெறும் சடங்கு. நம் பாட்டிமார் பலகாரப் பீரோவின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்திய உபாயம் தொட்டிக்கும் தாங்கிக்கும் பொருந்துமென்று யாருக்கும் தோன்றவில்லை. தழைச்சத்தை அளவின்றி ஊட்டித் தளிரை மென்மையாக்கி, சாறுறிஞ்சிகளுக்கு விருந்து வைத்தவரும் பெரும்பாலும் இவரே.

இதைவிடப் பெரிய அபசாரம் ஒன்று உண்டு. காப்பித் தோட்டத்துச் செதில்பூச்சியை அடக்க 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டு, மாவுப்பூச்சியையும் அதன் முட்டைகளையும் தின்பதில் சமர்த்தானது. அதன் புழுவும் உடலெங்கும் வெள்ளை மெழுகிழைகள் தொங்க, மாவுப்பூச்சியையே ஒத்த தோற்றத்துடன் அதன் கூட்டத்தினிடையே உலவும். உற்று நோக்குபவருக்கு அது சற்றுப் பெரிதாகவும் வேகமாக நகர்வதாகவும் தெரியும். நோக்காதவரோ, பெரிய பூச்சி வந்துவிட்டதென்று பதறி, எண்ணெயும் சோப்பும் கலந்த நீரை அதன்மேல்தான் முதலில் பாய்ச்சுவார். மெழுகுறைக்குள் இருக்கும் எதிரி தப்ப, வெளியே திரியும் துணை மடிகிறது. அப்புறம் பூச்சி மீண்டும் பெருகினால், மருந்தின் அளவு போதவில்லை என்பது அவருடைய முடிவு.

இதன் பெரிய பிரமாணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தோன்றி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வீட்டுச் செம்பருத்தி என ஒன்று விடாமல் பரவியபோது, மருந்துக்குமேல் மருந்து தெளித்தும் பயனில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து வயல்களில் விடப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்னும் ஒட்டுண்ணிக் குளவி சில மாதங்களில் அதை அடக்கியது. கடுகினும் சிறிய குளவி அது. வாரந்தோறும் எண்ணெயில் நனையும் செம்பருத்தியில் அது எங்கே தங்கும் என்று கேட்டால், நண்பர்கள் மறுபடியும் இயற்கைப் பொருள்தானே என்கிறார்கள்.

பத்துத் தொட்டி உள்ள வீட்டில் இலையைத் திருப்பிப் பார்க்கவும், பூச்சி மொய்த்த கிளையை வெட்டி எறியவும், இடுக்கில் ஒட்டியிருப்பதை ஈரத் துணியால் துடைக்கவும் அவகாசமில்லை என்கிறவர், கரைசல் கலக்கி வடிகட்டித் தெளிப்பானைக் கழுவி வைக்கும் நேரத்தை மட்டும் எங்கிருந்து பெறுகிறார் என்பது எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.