எதிராளி இல்லாத வாட்பயிற்சி

ஐரோப்பாவின் பழைய வாட்போர்க் கலையைக் கற்க ஆசை வந்து, சுற்றுவட்டாரத்தில் சங்கமோ ஆசிரியரோ இல்லாதவருக்கு இரண்டு விதமான பதில் கிடைக்கும். புத்தகத்தை எடு, இன்றே தொடங்கு என்பார்கள் சிலர். தனியாகப் பழகினால் தவறுகள்தான் உடம்பில் படியும், ஆள் கிடைக்கும்வரை பொறு என்பார்கள் மற்றவர்கள். இரண்டாவது எச்சரிக்கையில் உண்மை நிறையவே இருக்கிறது. இருந்தும் பொறுக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரு கையால் பிடிக்கும் நீள்வாளைப் பொறுத்தவரை இந்தக் கலையில் அறுபடாத குருமரபு எதுவும் இன்று இல்லை. ‘ஹீமா’ (ஐரோப்பிய வரலாற்றுப் போர்க்கலைகள்) என்ற பெயரில் இன்று பரவியிருக்கும் பயிற்சி, பழைய ஏடுகளிலிருந்து மீட்டெடுக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் ஹட்டனும் எகர்ட்டன் காஸிலும் பழைய வாள்நூல்களைத் தேடிப் படித்துத்தான் மறந்துபோன அசைவுகளுக்கு உயிர் கொடுத்தார்கள். ஆகவே புத்தகத்திலிருந்து கற்பது குறுக்குவழி அல்ல; எல்லாரும் வந்த வழியே அதுதான். ஆனால் அவர்கள் படித்ததை எதிரெதிரே நின்று சோதித்தும் பார்த்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

பழைய ஆசான்களுக்குள்ளேயே இதில் இரு குரல் உண்டு. 1410ஐ ஒட்டித் தன் நூலை எழுதிய இத்தாலியர் ஃபியோரே டெய் லிபெரி, நூல்களின் துணையில்லாமல் யாரும் நல்ல ஆசானாக முடியாது என்கிறார். நியூரம்பர்க்கில் இருக்கும் 3227ஏ என்ற ஜெர்மன் கையெழுத்துப்படியோ, வாட்போரைச் சொல்லி விளக்குவதைவிடக் கையால் செய்துகாட்டுவதே தெளிவு என்கிறது. தனியாளின் கையில் ஃபியோரே சொன்னது இருக்கிறது, மற்றது இல்லை.

தனிப்பயிற்சி ஒன்றும் புதிதல்ல. நட்டுவைத்த கம்பத்தை எதிரியாக நினைத்து, வழக்கமானதைவிட இருமடங்கு எடையுள்ள மரவாளால் ரோமானியப் புதுவீரர்கள் அடித்துப் பழகியதை ரோமானிய எழுத்தாளர் வெஜீஷியஸ் எழுதிவைத்திருக்கிறார். 1570இல் ஸ்ட்ராஸ்பர்கில் வெளியான யோவாக்கிம் மேயரின் நூலில், எதிராளியின் உடலை மேல் இரண்டு, கீழ் இரண்டு என நான்காகப் பிரித்து, எந்த இடத்தில் முதல் வெட்டு, எதில் அடுத்தது என்று எண்ணிட்ட படம் வருகிறது. அதைச் சுவரில் மாட்டிவைத்துத் தனியாகவே பழகலாம். எல்லாவற்றையும்விடத் தனியாளுக்கு வாய்ப்பானது, போர்ச்சுக்கலின் தியோகோ கோமெஸ் தெ ஃபிகெய்ரெதோ 1651இல் எழுதிய குறிப்பு. மொந்தாந்தே என்ற பெரிய இருகை வாளுக்கு எளிய விதிகள் 16, கூட்டு விதிகள் 16 தருகிறார். குறுகிய தெருவில் மாட்டிக்கொண்டால், முன்னும் பின்னும் ஆட்கள் வந்தால், துடுப்புக்கப்பலின் நடைபாதையில் நின்றால் என ஒவ்வொன்றும் ஒரே ஆள் காலடி வைத்து வாளைச் சுழற்றிப் பழகும்படி அமைந்தது. தனியாகத் தொடங்குகிறவர்கள் புகழ்பெற்ற ஜெர்மன் நீள்வாளுக்கே ஓடுவதைப் பார்க்கும்போது, இந்தச் சிறு நூலை யாராவது அவர்கள் கையில் கொடுக்கமாட்டார்களா என்றிருக்கிறது.

தனிமையில் உண்மையாகவே கூர்மையாகும் விஷயங்கள் உண்டு. அவற்றில் ஒன்று வெட்டுவாயின் திசை. ஒன்றேகால், ஒன்றரை கிலோ எடையுள்ள வாளைத் தோளிலிருந்து சாய்வாக இறக்கும்போது, அலகு வெட்டும் கோட்டிலேயே போனால் நடுப்பள்ளம் உள்ள வாள் ‘விர்ர்’ரென்று சீட்டியடிக்கும், மணிக்கட்டு சற்றே திரும்பிவிட்டால் சத்தம் மங்கிப்போகும். இதைச் சொல்லித்தர யாரும் வேண்டாம், காதே போதும். உருண்டைக் கம்பை வைத்துப் பழகுகிறவருக்கு இந்தப் பாடம் கிடைக்காது என்பதால், குறைந்தபட்சம் பிடி நீள்வட்டமாக இருக்கும் மரவாளாவது வேண்டும்.

குறை எங்கே என்றால், லீக்டனாவர் என்ற ஜெர்மன் ஆசானின் வழிவந்த நீள்வாள் மரபின் உயிர்நாடி இரண்டு வாள்கள் உரசி நிற்கும் நொடியில் இருக்கிறது. எதிராளி அழுத்துகிறானா, தளர்கிறானா என்று கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கை உணர வேண்டும். அழுத்தினால் விட்டுவிலகி மறுபக்கம் வெட்டு. தளர்ந்தால் அப்படியே முனையை நெஞ்சுக்கு நீட்டு. தனியாகப் பழகுகிறவர் இந்த நொடியைக் கற்பனைதான் செய்ய முடியும். அந்தக் கற்பனை எதிராளியோ நூலில் எழுதியபடியே நடந்துகொள்வான். அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்துவான், விழ வேண்டிய நேரத்தில் விழுவான். இப்படி ஓராண்டு பழகியவருக்கு அசைவுகள் அழகாக இருக்கும். முடிவெடுக்கும் திறன் மட்டும் தொடங்கிய இடத்திலேயே நிற்கும்.

அதைவிட ஆபத்தானது, தண்டனையே இல்லாத பயிற்சி. கம்பம் திருப்பி அடிக்காது. வெட்டும்போது தன் தலை திறந்து கிடந்ததா என்பதை அது சொல்லாது. இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வது இன்றைய ஹீமா போட்டிகளின் பெரும் நோய். எதிரே ஆளே இல்லாமல் வளர்ந்த கைக்கு அந்த நோய் இன்னும் எளிதில் தொற்றும். வீடியோ எடுத்துத் தொலைவிலிருக்கும் ஆசிரியருக்கு அனுப்பினால் காலடியும் தோளும் திருந்தும், நிச்சயம் செய்ய வேண்டியதுதான். ஆனால் வாள் உரசும்போது கையில் ஏறும் அழுத்தத்தை வீடியோவில் அனுப்ப முடியாது.

இந்தக் குறையை நிரப்ப ஹீமா சங்கம்தான் வேண்டும் என்று நினைப்பது பிழை. ஃபியோரே தன் நூலை மல்யுத்தத்திலிருந்தே தொடங்குகிறார். ஜெர்மன் ஏடுகளிலும் வாளும் மற்பிடியும் பக்கம்பக்கமாக வருகின்றன. ஆகவே ஊரில் இருக்கும் ஜூடோ அல்லது மல்யுத்தப் பள்ளி, பிடியில் எதிராளியின் அழுத்தத்தை உணரும் அதே புலனை வளர்க்கும். ஒலிம்பிக் வகை ஃபென்ஸிங் கிளப் இருந்தால் இன்னும் நல்லது; விதிகள் வேறானாலும் தூரமும் நேரமும் அங்கே பிடிபடும். அதோடு ஆர்வமுள்ள ஒரு நண்பர் போதும். அவரிடம் முதலில் கொடுக்க வேண்டியது பஞ்சு சுற்றிய வாள். முகக்கவசம், கழுத்துக்காப்பு, தடித்த கையுறை எல்லாம் வந்து, இருவருக்கும் வேகத்தை அடக்கத் தெரிந்த பிறகே எஃகு. விரல் எலும்பு முறிய ஒரு தவறான வெட்டு போதும்.

வாரத்தில் நான்கு நாள் முற்றத்தில் தனியாக, ஒருநாள் அந்த நண்பரோடு மெதுவாக வாளை உரசி, யார் அழுத்துகிறார் என்பதைக் கண்ணை மூடிச் சொல்லிப் பார்க்கும் பயிற்சி. ஆண்டுக்கு ஒருமுறையாவது தொலைவூர்ப் பயிலரங்கு ஒன்றுக்குப் போய்வர முடிந்தால், அங்கே கேட்க வேண்டிய கேள்விகளை இந்த ஐந்து நாள்களே தயார்செய்து தந்துவிடும்.