அழகம்மாள்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் பகவான் ரமணரின் சமாதியை ஒட்டி மாத்ருபூதேஸ்வரர் சந்நிதி இருக்கிறது. சுவாமிக்கு வடமொழிப் பெயர். லிங்கத்துக்குக் கீழே சமாதி கொண்டிருப்பவருக்கோ நல்ல தமிழ்ப் பெயர்: அழகம்மாள். ரமணரைப் பெற்றவர். 1922 மே 19 அன்று அவர் மறைந்தார். மலையடிவாரத்தில் அவரை வைத்த இடத்தைச் சுற்றித்தான் இந்த ஆசிரமமே எழுந்தது.

இன்று இந்தப் பெயரில் ஒரு சிறுமியைப் பார்ப்பது அபூர்வம். மதுரைச் சீமையில் ஒரு காலத்தில் சாதாரணமாகப் புழங்கிய பெயர். அந்தச் சீமையில் சாமிகளே அழகர்கள்தானே! அழகர் மலையில் கள்ளழகர், அவரே சுந்தரராஜர். ஊருக்குள் சொக்கர், அவரே சுந்தரேசுவரர். அழகி, அழகம்மை, சொக்கம்மாள், சுந்தரம் என்று பிள்ளைகளுக்குப் பெயர் அமைந்ததில் வியப்பில்லை. மானாமதுரைப் பக்கத்துப் பெண்ணான அழகம்மாள், திருச்சுழியில் வக்கீலாக இருந்த சுந்தரமய்யருக்கு வாழ்க்கைப்பட்டார். மனைவி அழகு, கணவர் சுந்தரம். பொருள் ஒன்றே.

இந்தப் பொருத்தத்தை மகன் கவனித்திருக்கிறார். விரூபாக்ஷ குகையில் இருந்த காலத்தில், பிட்சைக்குப் போகும் அடியார்கள் பாடுவதற்காக அவர் அருளியது அக்ஷரமணமாலை. 108 கண்ணிகள், அகர வரிசை. இரண்டாவது கண்ணியிலேயே பெற்றோர் இருவர் பெயரும் அடுத்தடுத்து வந்து அமர்கின்றன. வரிசைப்படி அங்கே ‘அ’ வேண்டும்; தாயின் பெயர் அதைக் கொடுத்துவிடுகிறது. அழகும் சுந்தரமும் சொல்லில் இரண்டு, பொருளில் ஒன்று; அதுபோல நானும் நீயும் ஆகவேண்டும் என்பது அருணாசலத்திடம் வைக்கும் வேண்டுதல். வீட்டில் கூப்பிடும் பெயரை வைத்தே அத்வைதத்தைச் சொல்லிவிட்டார். எனக்கு அந்த மாலையில் ஆகப் பிடித்த இடம் இதுதான்.

அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் அல்ல. மகனோடு தங்கியிருந்த கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமையலைத் தொடங்கியவர் அவர். அப்பளம் இட ஒத்தாசைக்குக் கூப்பிட்டதற்கு மகன் எழுதிக்கொடுத்தது அப்பளப் பாட்டு. உளுந்து, பிரண்டைச் சாறு, மிளகு, சீரகம், உப்பு, பெருங்காயம் எல்லாம் அதில் ஞானப் பக்குவம் ஆகின்றன.

‘அழகு’ என்பதன் கடைசி உகரம் கெட்டு ‘அம்மாள்’ வந்து சேரும்போது நடுவில் ழகரம் அப்படியே நிற்கிறது. கூப்பிடக் கூப்பிட நாக்குக்குத் தமிழ் பழகும். மகளுக்குப் பெயர் தேடுகிறவர்கள் இதையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.