நோயுற்ற உடலும் திருட்டுக் காரும்

இரங்கல் செய்திகளைத் தொடர்ந்து வாசிக்கிறவர்கள் கவனித்திருக்கலாம். மாரடைப்பில் சாகிறவர் 'காலமானார்'. விபத்தில் சாகிறவர் 'பலியானார்'. புற்றுநோயில் சாகிறவர் மட்டும் பெரும்பாலும் 'போராடித் தோற்றார்'. செத்தவன் தலையில் தோல்வியையும் ஏற்றி அனுப்புகிற இந்த மொழி யாருடையது? இதைக் கேட்டவர் சூசன் சொன்டாக். 1978இல் வெளிவந்த 'உருவகமாக நோய்' என்ற நூலில், புற்றுநோய்ச் சொல்லாடலுக்குள் படை, ஆக்கிரமிப்பு, தற்காப்பு என்று ராணுவம் வந்து உட்கார்ந்திருப்பதை அவர் பிரித்துக் காட்டினார். அவரே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்தான். ஆனால் அந்த நூலில் தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. உருவகமே வேண்டாம் என்று வாதிடுகிற அந்த நூல், நலமானவர் நாடு, நோயாளர் நாடு என்று இரண்டு நாடுகளையும் இரண்டு கடவுச்சீட்டுகளையும் உருவகித்துத்தான் தொடங்குகிறது. ஆக உருவகம் அவரையும் விடவில்லை. அதுவும் பயண உருவகம்.

போர் பழசாகிவிட்ட இடத்தில் இன்று பயணம் வந்திருக்கிறது. 'என் புற்றுநோய்ப் பயணம்' என்று சொல்வது இப்போது நாகரிகம். கேட்க இதமாக இருக்கிறது, தோற்றவன் என்று யாரையும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பயணம் என்றதும் அதில் ஒரு பாடம், ஒரு முதிர்ச்சி, ஒரு நன்றியறிதல் எல்லாம் கூடவே வந்து ஒட்டிக்கொள்கின்றன. தனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது எழுதி 2001இல் வெளியிட்ட கட்டுரையில் பார்பரா எரென்ரைக் இந்தக் கட்டாயப் புன்னகையைத்தான் போட்டு உடைத்தார். கோபப்படுகிற நோயாளியை யாருக்கும் பிடிப்பதில்லை. கரடிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற நோயாளியைப் பிடிக்கும்.

இந்தக் கதையாடலின் சுத்தமான வடிவம் 2007இல் வந்த 'தி பக்கெட் லிஸ்ட்' என்ற ஹாலிவுட் படம். சாகப்போகிற இரண்டு கிழவர்கள். ஒருவர் வெள்ளைக்காரக் கோடீஸ்வரர், மருத்துவமனைக்கே முதலாளி. இன்னொருவர் கறுப்பின மெக்கானிக். கோடீஸ்வரர் காசில் இருவரும் பிரமிடு, தாஜ்மகால், சீனப் பெருஞ்சுவர் என்று சுற்றுகிறார்கள். மெக்கானிக்கின் புற்றுநோய் மூளைக்குப் பரவுகிறது, அறுவை மேசையிலேயே செத்துப்போகிறார். பணக்காரர் பிழைத்து எண்பது வயதைத் தாண்டி வாழ்கிறார். படம் பார்த்துவிட்டு எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தோம். யார் முதலில் சாகவேண்டும் என்பதைத் திரைக்கதை எவ்வளவு இயல்பாகத் தீர்மானித்துவிட்டது என்று யாருக்கும் உறைக்கவில்லை.

நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) முதல் 'நீர்க்குமிழி' (1965) வழியாக 'வாழ்வே மாயம்' (1982) வரை தமிழ் சினிமாவில் புற்றுநோய் என்பது தியாகத்துக்கான ஏற்பாடு. அது தனிக் கட்டுரை. விட்டுவிடுவோம்.

இந்தப் பின்னணியில்தான் ஜெர்மன் எழுத்தாளர் வொல்ஃப்காங் ஹெர்ன்டோர்ஃபை வாசிக்கவேண்டும் என்று நினைக்கிறேன். 1965இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். ஓவியம் படித்தவர், 'டைட்டானிக்' என்ற அங்கதப் பத்திரிகைக்குப் படம் வரைந்தவர். பிறகு எழுத வந்தார். இரண்டு மூன்று புத்தகங்கள் வந்தும் பெரிய பெயரில்லை. 2010 பிப்ரவரியில் அவர் மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்று கண்டுபிடிக்கிறார்கள். மூளைப் புற்றுநோய்களில் மிகக் கொடியது. அறுவை, கதிர்வீச்சு, டெமோசோலோமைடு மாத்திரை எல்லாம் கொடுத்தாலும், 2005இல் வெளியான பெரிய ஆய்வின் கணக்குப்படி, நோயாளிகளில் பாதிப்பேர் 14.6 மாதத்தைத் தாண்டுவதில்லை. மாத்திரை இல்லாமல் கதிர்வீச்சு மட்டும் என்றால் 12.1 மாதம். உலக மருத்துவம் சாதித்த முன்னேற்றம் இரண்டரை மாதம்.

இந்த இரண்டரை மாதத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்? பிரமிடு பார்க்கப் போகலாம். ஹெர்ன்டோர்ஃப் மேசைக்குப் போனார். பல வருஷம் கிடப்பில் கிடந்த ஒரு கைப்பிரதியை எடுத்தார். அந்த வருஷம் செப்டம்பரில் அது 'சிக்' என்ற நாவலாக வெளிவந்தது. ஜெர்மனியில் மட்டும் இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஃபாத்திஹ் அகின் 2016இல் அதைப் படமாக்கினார். அடுத்த வருஷமே 'மணல்' என்ற பெரிய நாவல், அதற்கு 2012இல் லைப்சிக் புத்தகச் சந்தைப் பரிசு. கூடவே, முதலில் நண்பர்களுக்காக மட்டும் எழுதிப் பிறகு எல்லோருக்கும் திறந்துவிட்ட நாட்குறிப்பு. அதன் பெயர் 'வேலையும் கட்டமைப்பும்'. நோயாளியின் டயரிக்கு வைக்கிற பெயரா இது? ஏதோ தொழிற்சங்கத் தீர்மானம் மாதிரி இருக்கிறது. அந்த வறட்சி எனக்குப் பிடித்திருக்கிறது.

'சிக்' ஒரு பயண நாவல். பெர்லினின் கிழக்கு ஓரத்தில் ஒரே வகுப்பில் படிக்கிற இரண்டு பதினான்கு வயதுப் பையன்கள். மைக்கின் வீட்டில் நீச்சல்குளம் உண்டு, அம்மா குடிநோயாளி, அப்பா தன் உதவியாளப் பெண்ணோடு வெளியூர் போய்விடுகிறார். மற்றவன் ரஷ்யாவிலிருந்து குடியேறிய அந்த்ரேய் சிகாச்சோவ், சுருக்கமாகச் சிக். வகுப்புக்கே குடித்துவிட்டு வருகிறவன். கோடை விடுமுறையில் ஒரு பழைய லாடா காரைத் திருடிக்கொண்டு வாலாகியாவுக்குக் கிளம்புகிறார்கள். அங்கே தன் தாத்தா இருப்பதாகச் சிக் சொல்கிறான். வாலாகியா ருமேனியாவில் உள்ள நிஜமான பிரதேசம். ஆனால் ஜெர்மன் பேச்சுவழக்கில் அந்தச் சொல்லுக்கு 'ஆளரவமற்ற ஏதோ ஒரு மூலை' என்றும் பொருள். அப்படி ஒரு ஊரே இல்லை, அது வெறும் பேச்சு என்று மைக் சண்டை போடுகிறான். இல்லாத ஊருக்கு வரைபடமில்லாமல் போகிறார்கள்.

போய்ச் சேருவதில்லை. அவர்கள் பார்ப்பது எதுவும் சுற்றுலாத் தலமில்லை. கோதுமை வயலில் காரை ஓட்டி, வானத்திலிருந்து தெரிகிற மாதிரி தங்கள் பெயரை எழுதப் பார்க்கிறார்கள். காருக்குள் கிடந்த ரிச்சர்ட் கிளேடர்மன் பியானோ கேசட்டை வேறு வழியில்லாமல் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒரு வீட்டில் சாப்பாடு கிடைக்கிறது. அங்கே பொது அறிவுக் கேள்விக்குச் சரியான விடை சொல்கிற பிள்ளைக்குப் பெரிய கிண்ணத்தில் இனிப்பு. பள்ளிக்கூடத்தில் படிக்கிற இவர்கள் இரண்டு பேருக்கும்தான் விடை தெரிவதில்லை. குப்பைமேட்டில் ஈசா என்ற பெண்ணைச் சந்திக்கிறார்கள். உலகத்தில் தொண்ணூற்றொன்பது சதவீதம் பேர் கெட்டவர்கள் என்று எல்லோரும் சொல்லி வளர்த்தார்கள், நாங்கள் போன வழியிலோ அந்த மிச்சம் ஒரு சதவீதம்தான் எதிர்ப்பட்டது என்ற மாதிரி மைக் ஓரிடத்தில் யோசிக்கிறான். இதை எழுதியவர் தலையில் தையல் ஆறாத ஒருவர். ஆனால் நாவலில் நோயாளி கிடையாது, மருத்துவமனைக் கட்டில்மேல் தொங்குகிற ஞானம் கிடையாது. சந்தோஷத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் இரண்டு பொடியன்களுக்குக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்கிறார்.

'அந்தக் கார்ப் பயணம்தான் வாழ்க்கை, வாலாகியாதான் மரணம்' என்று யாராவது வாசித்தால் அது சோம்பேறி வாசிப்பு. லாடா லாடாதான். பெட்ரோல் தீர்கிறது, பன்றிகளை ஏற்றிப்போகிற லாரியோடு மோதி நிற்கிறது. பிரதியில் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு வருகிற வழக்குமன்றம். குற்றத்தையெல்லாம் அந்த ரஷ்யப் பையன் தலையில் போட்டுவிடு என்று அப்பா மைக்கை அடிக்கிறார். மைக் மறுத்து உண்மையைச் சொல்கிறான். இருந்தும் என்ன, மைக் வீட்டுக்குத் திரும்புகிறான், சிக் விடுதியிலேயே இருக்கிறான். ஒரே கார், ஒரே சந்தோஷம், கணக்குத் தீர்க்கிற இடத்தில் மட்டும் இரண்டு விலை. ஹாலிவுட் கிழவர்களின் பயணத்தில் இந்த இடம் இல்லவே இல்லை. கடைசியில் மைக்கும் அம்மாவும் வீட்டுச் சாமான்களைத் தூக்கி நீச்சல்குளத்தில் எறிந்துவிட்டு, போலீஸ் வந்து நிற்கிறபோது, குளத்தின் அடியில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கிறார்கள்.

நாட்குறிப்பை ஜெர்மன் தெரிந்த நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நாலு ஞாயிற்றுக்கிழமை வாய்மொழியாகச் சொல்லக் கேட்டேன். அதில் அதிகமும் வருவது பெர்லினின் ப்ளோட்சென்ஸே ஏரியில் நீச்சல், நண்பர்களோடு கால்பந்து, சின்ன வயதில் படித்த புத்தகங்களை மறுபடி படிப்பது, அன்றைக்கு எத்தனை பக்கம் எழுதினேன் என்ற கணக்கு. போகப்போகச் சொற்கள் சிதறுகின்றன, திசை பிடிபடாமல் போகிறது. 2013 ஆகஸ்டில், நாற்பத்தெட்டு வயதில், தன் முடிவைத் தானே தேடிக்கொண்டார். அதைத் துணிச்சல் என்று கொண்டாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, கோழைத்தனம் என்கிறவர்களோடு பேச்சே இல்லை. இரண்டுமே சொன்டாக் எதிர்த்த பட்டாள மொழிதான். அந்தக் குப்பைமேட்டுப் பெண் ஈசா தனியாக நடந்துபோகிற கதையை அவர் முடிக்காமல் விட்டுப்போனார். நண்பர்கள் அதை 2014இல் கொண்டுவந்தார்கள்.

தோழர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டார்: "சரிப்பா, ஆஸ்பத்திரிச் செலவு யார் கொடுத்தா?" நியாயமான கேள்வி. ஜெர்மனியில் 1983 முதல் எழுத்தாளர்கள், கலைஞர்களுக்கென்றே சட்டப்படியான காப்பீட்டு ஏற்பாடு இருக்கிறது. கட்டணத்தில் பாதியை மட்டும் அவர்கள் கட்டினால் போதும். இங்கிலாந்தில் 'இன்டிபென்டென்ட்' நாளிதழின் கலை விமர்சகர் டாம் லபக் இதே நோயில் 2011 ஜனவரியில் இறந்தார். அங்கே 1948 முதல் அரசு மருத்துவ சேவை. லபக்கின் கட்டி இடது பொட்டுப் பகுதியில், மொழி இருக்கிற இடத்தில். சொல்லை வைத்துப் பிழைத்த ஒருவருக்குச் சொல் ஒவ்வொன்றாகப் போகிறது. அவருடைய குறிப்புகள் 2012இல் நூலாயின. ஒரு வாக்கியம் நினைத்தபடி வாயிலிருந்து வந்துவிட்டால் அன்றைக்கு அதுதான் திருவிழா.

ஆனால் அந்தத் திருவிழாவுக்குப் பந்தல் போட்டது யார் என்று தெரிய, அவர் மனைவி மேரியன் கூட்ஸ் எழுதிய 'பனிப்பாறை' (2014) நூலுக்குத்தான் போகவேண்டும். வீட்டில் ஒரு குழந்தை பேசக் கற்றுக்கொண்டிருக்கிறது, அப்பா பேச்சை இழந்துகொண்டிருக்கிறார், நடுவில் இவர். இரண்டு பேருடைய அரைகுறைச் சொற்களையும் பெயர்த்துச் சொல்லவேண்டியவர் இவர்தான். நோயாளியின் அன்றாட மகிழ்ச்சி என்று நாம் பேசுவதற்குள் ஒரு பெண்ணின் தூக்கமில்லாத உழைப்பு இருக்கிறது. ஆண்கள் எழுதிய நோய்ப் புத்தகங்களில் இது அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

ஹங்கேரியின் நகைச்சுவை எழுத்தாளர் ஃப்ரிஜ்யெஷ் கரிந்தியின் 'என் கபாலத்தைச் சுற்றி ஒரு பயணம்' (1937) நினைவுக்கு வருகிறது. 1936 மார்ச்சில் புடாபெஸ்ட் காபிக்கடையில் உட்கார்ந்திருந்தவருக்கு ரயில் ஓடுகிற சத்தம் கேட்டது. தெருவில் ரயில் இல்லை. அது மூளைக்கட்டி. புற்றுநோய் வகையைச் சேர்ந்ததல்ல என்பதால் அவர் கதை வேறு. நிஜ ரயிலேறி ஸ்டாக்ஹோம் போய், விழித்திருக்கும்போதே மண்டையோட்டைத் திறந்து அறுவை செய்துகொண்டு, அதையும் கேலியாக எழுதினார். இரண்டு வருஷத்தில் வேறு காரணத்தால் இறந்தார். அவர் மனைவி அரங்கா மருத்துவர், யூதர். அவரை 1944இல் ஆஷ்விட்சில் கொன்றார்கள். ஐரோப்பாவின் ரயில்கள் எல்லோரையும் சிகிச்சைக்கு ஏற்றிப்போகவில்லை.

நம் ரயிலுக்கு வருவோம். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது வேலூரில். காட்பாடி ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டத்தில் கக்கத்தில் பெரிய ஸ்கேன் கவரோடு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்களை யாரும் பார்க்கலாம். புற்றுநோயாளிக்கு ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது, தூங்கும் வகுப்பில் முழுவதுமே இலவசம், துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு. நல்ல விஷயம், போராடிப் பாதுகாக்கவேண்டிய விஷயம். ஆனால் அது சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் போய்வர மட்டும். மருத்துவமனைச் சான்று வேண்டும். நோயாளி என்ற தன்னிலையை அரசு அங்கீகரிப்பது ஒரே ஒரு திசையில்தான். கடலைப் பார்க்கவேண்டும் என்று அந்த உடம்பு ஆசைப்பட்டால் முழு டிக்கெட்.

அரசை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. என் பெரியம்மாவுக்குத் தலையில் கட்டி என்று சொன்ன வருஷம், ஸ்கேன் எடுத்துவிட்டு அதே வழியில்தான் திரும்பிக்கொண்டிருந்தோம். ஜோலார்பேட்டையில் வண்டி நின்றது. ஜன்னலில் ஏலகிரி தெரிந்தது. "இத்தனை வருஷமா இந்த மலையைக் கீழருந்தே பாத்துட்டுப் போறேன். இறங்கி ஒரு எட்டு மேல போயிட்டு வந்துரலாமாடா?" என்றார். பை நிறைய மாத்திரை, ரிப்போர்ட் வரவேண்டியிருந்தது, ராத்திரிக்குள் ஊர் போய்ச் சேரவேண்டும்.

"மொதல்ல ரிசல்ட் வரட்டும் பெரியம்மா" என்றேன்.