பயண நூலில் அடுப்படி எங்கே?

சில வருடங்களுக்கு முன்னர் மாலைதீவுக்குப் போய் வந்து நான் ஒரு பயணக் கட்டுரை எழுதினேன். மாலே நகரில் 17ஆம் நூற்றாண்டில் பவளக்கல்லால் கட்டப்பட்ட பள்ளிவாசல், அதன் சுவர்களில் உள்ள செதுக்கு வேலை, 1153இல் அந்நாடு இஸ்லாத்தைத் தழுவிய வரலாறு, தானா எழுத்தின் முதல் ஒன்பது வடிவங்கள் அரபு எண்களிலிருந்து பிறந்தவை என்ற செய்தி யாவும் அதில் இருந்தன. நண்பர்கள் பாராட்டினார்கள். கட்டுரை வெளிவந்த சஞ்சிகையைப் பெரியும்மாவின் மகளுக்கும் கொடுத்தேன். குவைத்தில் பதினான்கு வருடம் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவர் அவர். இரண்டு நாள் கழித்து ராத்தா என்னிடம் கேட்டார்:

"எல்லாம் நல்லாத்தான் இரிக்கி தம்பி. ஆனா அந்த ஊர்ல ஆரு சோறாக்குற? நாம ஆணத்துக்குப் போடுற மாசி அங்கரிந்துதானே வாற? அத ஆரு வெட்டி அவிக்கிற? பொண்டுகள் சுபஹுக்கு எழும்பி என்ன செய்யிற? அது ஒண்டையும் நீங்க எழுதல்லியே."

என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் அங்கு தங்கியது ஐந்து நாட்கள். மீன் சந்தைக்குப் போனேன், புகைப்படம் எடுத்தேன். காலையில் மீனும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் எலுமிச்சையும் பிசைந்த 'மஸ்ஹுனி'யை ரொட்டியுடன் உண்டேன். அதைப் பிசைந்த கையை நான் பார்க்கவில்லை. ராத்தாவின் கேள்வி என் கட்டுரை மீது மட்டுமான விமர்சனமல்ல. எமது பயண எழுத்தின் பெரும்பகுதி மீதான விமர்சனம் அது என்று எனக்குப் பட்டது.

எம்மவரின் பயணக் கட்டுரைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, ஹஜ், உம்ராப் பயணங்கள் பற்றியவை. அவற்றில் உள்ள உருக்கம் உண்மையானது. ஆனால் ஹரத்துக்கு வெளியே மக்காவில் வாழும் மனிதரை அவற்றில் காண்பது அரிது. இரண்டாவது, மாநாட்டுப் பயணங்கள். யார் வரவேற்றார், யார் தலைமை தாங்கினார், யாருடன் படம் எடுத்துக்கொண்டோம் என்பதோடு அவை முடிந்துவிடும். மூன்றாவது, 'அங்கே வீதி சுத்தம், இங்கே குப்பை' என்று ஒப்பிடும் கட்டுரைகள். அந்த வீதியைக் கூட்டுபவர் எந்த நாட்டவர் என்று அவை கேட்பதில்லை. மூன்று வகையிலும் இடம் இருக்கிறது, மனிதர் இல்லை. நான் எழுதியதும் இந்த வரிசையில் சேர்ந்ததே.

இந்த உறுத்தலோடுதான் இப்னு பதூதாவின் மாலைதீவு அத்தியாயத்தை மீண்டும் வாசித்தேன். 1304இல் தஞ்சியரில் பிறந்து, 1325இல் ஹஜ்ஜுக்கெனப் புறப்பட்டு, ஏறத்தாழ முப்பது வருடம் உலகைச் சுற்றியவர் அவர். 1343, 1344 காலப்பகுதியில் மாலைதீவில் தங்கிக் காழியாகவும் பணியாற்றினார். ராத்தாவின் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கிறது! மீனை நான்காக வெட்டி, இலேசாக அவித்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள் என்றும், அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யெமனுக்கும் போகிறது என்றும் எழுதுகிறார். எங்கள் அடுப்படியில் இடிபடும் மாசிதான் அது. தேங்காய் நாரைக் கயிறாகத் திரித்து, ஆணியின்றிக் கப்பற் பலகைகளைத் தைப்பதை விவரிக்கிறார். சோழி காசாகப் புழங்குவதையும், வங்காளத்திலிருந்து வரும் அரிசிக்கு அது விலையாவதையும் சொல்கிறார். வெறுங்காலோடு நடக்கும் மக்கள் வீட்டு வாசலில் சாடித் தண்ணீரில் கால் கழுவி உள்ளே நுழைவதைக்கூட அவர் விடவில்லை.

அவரால் எப்படி இது முடிந்தது? அங்கு தங்கினார், தொழில் செய்தார், மணமுடித்தார் என்பதே விடை. ஒரு நாட்டின் அன்றாடம், அங்கு ஏதாவது ஒரு வேலை உள்ளவனுக்கே கண்ணில் படும். விருந்தாளிக்கு விருந்து மட்டுமே தெரியும்.

இப்னு பதூதாவைப் புகழ்வதோடு நின்றுவிட்டால் அது விமர்சனமாகாது. அவருடைய கண் காழியின் கண். அந்நாட்டை ஆண்ட கதீஜா ராணி உட்படப் பெண்கள் தலையை மறைப்பதில்லை, பெரும்பாலோர் இடைக்குக் கீழே மட்டுமே உடுத்துகிறார்கள் என்பதைக் கண்டு, அதை மாற்ற முயன்றதாகச் சொல்கிறார். வழக்குக்கு வரும் பெண் உடல் மறைத்தே தன் முன் வரவேண்டும் என்று விதித்தார். அதற்கு மேல் தன்னால் எதுவும் செய்ய முடியவில்லை என்பதையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். திருடனொருவனின் கையை வெட்டும்படி தீர்ப்பளித்தபோது அவையில் இருந்த உள்ளூரவர் சிலர் மயங்கி விழுந்தனர் என்ற செய்தியும் அவர் தருவதே.

இவ்விடம் என்னை நீண்ட நேரம் நிறுத்தியது. தோல்வியை அவர் மறைத்திருக்கலாம். அந்த மக்கள் மயங்கி விழுந்ததை விட்டுவிட்டுத் தன் தீர்ப்பின் நேர்மையை மட்டும் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யாததால், எழுநூறு வருடம் கழித்தும் வாசகன் அந்த அவையில் காழியின் பக்கமும் நிற்க முடிகிறது, மயங்கியவர்களின் பக்கமும் நிற்க முடிகிறது. தான் சரியென்று நம்பியதற்குப் பொருந்தாத காட்சியையும் பதிவு செய்வதே பயண எழுத்தாளனின் நேர்மை. எமது கட்டுரைகளில் எனக்குக் கிடைக்காததும் இதுவே. போகும்போது இருந்த அபிப்பிராயத்தோடேயே நாம் திரும்பி வருகிறோம்.

ஆனால் அவர் நூலிலும் ஒரு மௌனம் உண்டு. அங்கு பெண்கள் கணவனோடு இருந்து உண்பதில்லை என்றும், தன் மனைவியரில் சிலர் வற்புறுத்தலின் பின் தன்னோடு உண்டார்கள், சிலர் இறுதிவரை இணங்கவில்லை என்றும் எழுதுகிறார். ஏன் இணங்கவில்லை? அந்தப் பெண்கள் பேசுவதில்லை. நாட்டை விட்டுப் புறப்பட்டபோது அவர்களை மணவிலக்குச் செய்கிறார். மாசியை அவித்த கைகளும் அவர்களைப் போன்றவர்களுடையவைதான். அடுப்படி வரை வந்த இப்னு பதூதா, அடுப்படியில் இருந்தவரின் குரலைக் கேட்கவில்லை.

இனி எமது பக்கத்துக்கு வருவோம். அறிஞர் சித்தி லெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுகிறது. அதன் களம் எகிப்தும் இந்தியாவும். எமது நாவல் மரபே பிற தேசத்தைக் கற்பனை செய்துதான் தொடங்கியது. அன்று கடல் கடந்த அனுபவம் சிலருக்கே உரியதாக இருந்தது. 1970களின் பிற்பகுதியிலிருந்து நிலைமை மாறிவிட்டது. கிழக்கிலும் புத்தளத்திலும் ஏனைய ஊர்களிலும் எத்தனையோ குடும்பங்களில் ஒரு பெண்ணாவது சவூதிக்கோ குவைத்துக்கோ போய் வந்திருக்கிறார். அரபு வீட்டின் அன்றாடத்தை எமது பேராசிரியர்களும் மௌலவிமாரும் கவிஞர்களும் அறிந்ததைவிட இவர்கள் நெருங்கி அறிந்தவர்கள். இவர்களும் வெளிநாட்டில் தொழில் செய்து வாழ்ந்த பயணிகளே. ஆனால் அவர்கள் சொன்ன பயண நூல் எதுவும் என் புத்தக அலுமாரியில் இல்லை.

அவர்களை நாம் எழுதவில்லை என்று சொல்ல வரவில்லை. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் மரண தண்டனை 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதியில் நிறைவேற்றப்பட்டபோது நம்மில் பலர் கவிதை எழுதினோம். அந்தக் கண்ணீர் பொய்யல்ல. ஆயினும் அக்கவிதைகளில் அவர் ஒரு பலியாக மட்டுமே வருகிறார். வீட்டு வேலைக்குப் போன பெண், அழுவதற்காக மட்டும் எமது இலக்கியத்துக்குள் அனுமதிக்கப்படுகிறாள். அவள் அங்கே எதைப் பார்த்தாள், எதற்குச் சிரித்தாள், எந்தச் சமையலைக் கற்றாள், எதை வெறுத்தாள் என்று நாம் கேட்பதில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, இவையெல்லாம் வெளியில் வந்தால் ஊருக்கு மானக்கேடு என்பது. அந்தப் பெண்ணின் உழைப்பில் கல்வீடு கட்டும்போது வராத மானக்கேடு, அவள் வாய் திறக்கும்போது மட்டும் வருவது நியாயமில்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை அவளுக்குத்தான் இருக்கவேண்டும். இரண்டாவது, அவர்களுக்கு எழுத வராதே என்பது. இப்னு பதூதாவும் தன் நூலைத் தானே எழுதவில்லை. அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை என்ற புலவர் எழுதி 1355இல் முடித்த நூல் அது. சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர் என்பதற்காக அதை எவரும் பயண இலக்கியத்திலிருந்து தள்ளிவைக்கவில்லை.

ஒரு எச்சரிக்கையும் அந்நூலிலேயே இருக்கிறது. இப்னு ஜுஸை தன் அலங்காரங்களைச் சேர்த்தார். முந்திய பயணியான இப்னு ஜுபைரின் பகுதிகளும் நூலுள் கலந்துவிட்டன. ஒரு ராத்தா சொல்வதை நாம் எழுதும்போது, எமது சோகத்தையும் எமது புத்திமதியையும் அதில் கலந்துவிடக் கூடாது. அவருடைய மொழியைத் திருத்தக் கூடாது.

இதைச் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்க முடியாது. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு ராத்தாவிடம் போனேன். குவைத் என்றால் நூல்களில் வாசித்த திவானியாதான் எனக்கு நினைவுக்கு வரும். ஆண்கள் கூடி அரசியல் முதல் கலியாணம் வரை பேசும் மன்று அது. அதைப் பற்றிக் கேட்டேன்.

"அத எனக்குத் தெரியா தம்பி. நான் உள்ளுக்குப் போனதில்ல. கதவடி மட்டும்தான். எத்தின பேர் வந்த எண்டு இஸ்திகான் கழுவக்குள்ளதான் தெரியும். ஒரு நாளைக்கு நாப்பது. சில நாளைக்கு அறுவது. அறுவது வந்தா அண்டைக்கு நாட்டுல என்னமோ பெரிய விசயம் எண்டு நான் விளங்கிக்குவன்."

இஸ்திகான் என்பது அங்கே தேத்தண்ணி குடிக்கும் சிறு கண்ணாடிக் குவளை. கழுவிய குவளைகளை எண்ணி ஒரு நாட்டின் அரசியலைக் கணித்தவர் அவர். நான் வாசித்த எந்த நூலிலும் இந்தக் கணக்கு இல்லை. கொப்பியில் இதுவரை பதினொரு பக்கம் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் இப்படியொருவர் இருக்கிறார். வாசகர்களும் போய்க் கேட்கவேண்டும்.