வண்டி நிற்கும் இடம்

கார் ஓட்டிப்போய் எழுதிய பயண நூல்களில் வண்டி ஓடும் பக்கங்களைவிட வண்டி நிற்கும் பக்கங்களே நன்றாக இருக்கின்றன. இதற்கு முதல் சாட்சி சுவிட்சர்லாந்துக்காரர் நிக்கோலா பூவியே. 1953 கோடையில், 24 வயதில், ஓவிய நண்பர் தியெரி வெர்னேவுடன் பெல்கிரேடிலிருந்து ஒரு சிறிய ஃபியட் தொப்போலினோவில் கிழக்கே கிளம்பினார். இத்தாலிய மொழியில் தொப்போலினோ என்றால் சுண்டெலி. பேருக்கேற்ற வண்டிதான், மேட்டில் மூச்சு வாங்கும், நினைத்த இடத்தில் படுத்துக்கொள்ளும். துருக்கி, ஈரான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கைபர் கணவாயைத் தொட ஏறக்குறைய ஒன்றரை வருடம் பிடித்தது. ரோட்டில் போனது அதில் கொஞ்சம்தான். பனி வழியை அடைத்துவிட, ஈரானின் தப்ரீஸ் நகரில் குளிர்காலம் முழுக்கத் தங்கிப் பிழைக்க வேண்டியிருந்தது. பூவியே பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். வெர்னே படம் வரைந்து விற்றார். புத்தகத்தின் உயிர் அந்தத் தப்ரீஸ் பக்கங்களில் இருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்தவன் கண்ணுக்கு ஊரின் குளிர் அழகாகத் தெரியலாம்; அடுத்த மாத விறகுக்குக் காசு தேட வேண்டியவனுக்குத்தான் அங்கே யார் எப்படி நாளை ஓட்டுகிறார்கள் என்பது தெரியவரும். 1963-இல் வெர்னேயின் கோட்டோவியங்களோடு வந்த அந்த நூலின் பிரெஞ்சுத் தலைப்பை ‘உலகத்தோடு பழகுதல்’ என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம். ‘பழகுதல்’ என்ற சொல்லே போதும். பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் போதும், பழகுவதற்குப் போதாது.

இதற்கு நேர் எதிரான நிலையில் மாட்டிக்கொண்டவர் ஜான் ஸ்டைன்பெக். 1960-இல், அறுபதை நெருங்கும் வயதில், சார்லி என்ற பூடில் நாயை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றிவரப் புறப்பட்டார். வண்டி, தங்குவதற்கு அறை கட்டிய ஒரு டிரக். டான் கிஹோத்தேயின் குதிரைப் பெயரையே அதற்கு வைத்தார். மூன்று மாதத்துக்குள் சுமார் 10,000 மைல். ‘சார்லியுடன் பயணங்கள்’ 1962-இல் வெளிவந்தது. பிற்காலத்தில் ஒரு பத்திரிகையாளர் அதே வழியில் போய்ச் சரிபார்த்து, நூல் சொல்வதைவிட அதிக இரவுகளை ஸ்டைன்பெக் விடுதிகளிலும் மனைவியுடனும் கழித்தார் என்றும், வழியில் நடந்ததாக எழுதிய உரையாடல்கள் பல நம்பும்படி இல்லை என்றும் எழுதினார். இதைப் பொய் என்று கோபிப்பவர்கள் உண்டு. நாவலாசிரியனின் உரிமை என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் திருப்தியாக இல்லை. அத்தனை மைலை அத்தனை வேகத்தில் கடந்தவருக்கு யாரோடும் உட்கார்ந்து பேச நேரமிருந்திருக்காது. கற்பனை அந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் நியூ ஆர்லியன்ஸ் பக்கங்களை யாரும் மறப்பதில்லை. வெள்ளையர் பள்ளிக்குள் ஒரு கறுப்பினச் சிறுமி காவலர் சூழ நுழைய, வெளியே நின்ற பெண்கள் கூட்டம் வசைபாடுகிறது. ஸ்டைன்பெக் டிரக்கை ஓரிடத்தில் விட்டுவிட்டு, டாக்சி பிடித்து அந்தத் தெருவுக்குப் போய், கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்க்கிறார். முழு நூலிலும் கனமான பகுதி, வண்டியை விட்டு இறங்கிய பிறகுதான் கிடைத்தது.

வேகத்தையே பாடிய ஜாக் கெருவாக்கை என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1951 ஏப்ரலில், ஒட்டிய தாள் சுருளில் சுமார் மூன்று வாரத்தில் தட்டச்சுச் செய்யப்பட்டு 1957-இல் அச்சேறிய ‘ஆன் த ரோட்’ நாவல் எழுதப்பட்ட விதமே ஓர் ஓட்டம். அதில் கதைசொல்லியின் நண்பன் டீன் ஒரு காடிலாக்கை மணிக்கு 110 மைலில் சிகாகோவுக்கு விரட்டும் பகுதி புகழ்பெற்றது. ஆனால் கவனித்துப் படித்தால், கதை சொல்லும் சால் அங்கே ரோட்டைப் பார்ப்பதே இல்லை. பயந்துபோய்ப் பின்னால் காரின் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்கிறான். அவனுக்கு அடியில் ரோடு விரைவது உடம்பில் தெரிகிறது. அற்புதமான இடம், சந்தேகமில்லை. ஆனாலும் அது டீன் என்ற மனிதனின் சித்திரமும் சாலின் அச்சமும். ஊர்கள் அங்கே ஒன்றுமில்லை. கலிஃபோர்னியாவில் ஒரு மெக்சிகப் பெண்ணோடும் அவள் குழந்தையோடும் கூடாரத்தில் தங்கி, விரல் நுனியில் ரத்தம் கசியப் பருத்தி எடுக்கும் பக்கங்களில்தான் ஓர் இடமும் அதன் கூலிக் கணக்கும் நம் கைக்கு வருகின்றன.

வில்லியம் லீஸ்ட் ஹீட்-மூன் இதைப் புரிந்துகொண்டே கிளம்பியவர். வேலையும் போய், மனைவியும் பிரிந்த 1978-இல் ஒரு வேனில் கிளம்பி, பழைய வரைபடங்களில் நீலக் கோடாகக் குறித்த சிறு ரோடுகளிலேயே பெரும்பாலும் சுமார் 13,000 மைல் ஓட்டினார். பேருக்காகவே டென்னசியில் ‘நேம்லெஸ்’ என்ற குக்கிராமத்தைத் தேடிப்போனார்; பேரில்லாததையே பேராகக் கொண்ட ஊர். சிறு ரோடு ஊருக்குள் நுழைந்துதான் வெளியேறும் என்பது அவருக்கு வசதி. நெடுஞ்சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். சிட்டியும் தி. ஜானகிராமனும் ‘நடந்தாய் வாழி காவேரி’யில் ஆற்றையே வழியாக வைத்துக்கொண்டதும் இதே வகைக் கெட்டிக்காரத்தனம்தான், ஆறு எந்த ஊரையும் பைபாஸ் செய்வதில்லை.

நிற்பதுதான் முக்கியம் என்றால் கார் எதற்கு, ஒரே ஊரில் தங்கி எழுதிவிடலாமே என்று மடக்கலாம். அதற்கும் பூவியேயிடமே பதில் இருக்கிறது. கைபருக்குப் பிறகு இந்தியா வழியாக 1955-இல் அவர் இலங்கைக்கு வந்து, தென்கரையில் காலி நகரத்தில் ஓர் அறையில் மாதக்கணக்கில் தங்கினார். தனிமை, நோய், புழுக்கம். கால் நூற்றாண்டு கழித்து அதைப் பற்றி எழுதிய சிறு நூலில் மனிதர்களைவிடப் பூச்சிகள் பெரிதாகிவிடுகின்றன. நனவு எங்கே முடிகிறது, பிரமை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடிவதில்லை. அபாரமான புத்தகம், ஆனால் அதை ரோட்டுப் புத்தகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தப்ரீஸிலும் அவர் மாதக்கணக்கில் அடைபட்டுத்தான் கிடந்தார்; ஆனால் அங்கே பனி உருகினால் கிளம்பிவிட சுண்டெலி இருந்தது.