கேள்விக்கு முன்னே வரும் சிரிப்பு

பொது அறிவை வேடிக்கையாக்கித் தரும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை யாராவது குறை சொன்னால் உடனே ஒரு பதில் வந்துவிடுகிறது: சிரிப்புதான் அறிவுக்கு வாசல், பாடப்புத்தகத்தைக் கண்டு ஓடியவனையும் இந்த நிகழ்ச்சிகள் உள்ளே அழைத்து வருகின்றன. பிபிசியில் 2003 முதல் நடந்துவரும் 'க்யூஐ' நிகழ்ச்சிக்கும் அதைப் பார்த்துப் பிறந்த மற்றவற்றுக்கும் சலிக்காமல் சொல்லப்படும் நியாயம் இது. இதில் எனக்கு உடன்பாடில்லை. வாசல்வரை அழைத்து வந்து, அங்கேயே சிரிக்க வைத்துத் திருப்பி அனுப்பினால் உள்ளே போனதாக ஆகாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'க்யூஐ'யில் எல்லோரும் பளிச்சென்று சொல்லும் தவறான விடையைச் சொன்னவுடன் அலறும் ஒலிப்பான் அருமையான யோசனை. தெரியும் என்று நாம் நம்பியிருப்பதில் எவ்வளவு வெறும் செவிவழிச் செய்தி என்பதை அது உறைக்கச் சொல்கிறது. முன்பு தாங்கள் உண்மை என்று சொன்னவற்றில் சில பின்னாளில் பொய்த்துப்போனபோது, 2013-இல், அவற்றுக்காகப் போட்டியாளரிடம் பறித்த புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த நேர்மையை வேறு எந்த வினாடி வினாவிலும் நான் கண்டதில்லை. எந்தப் பொருளானாலும் போதிய நேரம், போதிய நெருக்கத்தில் பார்த்தால் சுவையானதுதான் என்பது நிகழ்ச்சியை உருவாக்கிய ஜான் லாயிடின் கொள்கை. அது எனக்கும் கொள்கை.

என் ஆட்சேபம் ஒன்றுதான், அது நெடுநாளாக இருப்பது. இந்த நிகழ்ச்சிகள் பொருளைக் காட்டுகின்றன; அந்தப் பொருள் எந்தச் சிக்கலுக்கு விடையாக வந்ததோ அந்தச் சிக்கலைக் காட்டுவதில்லை. சிக்கல் தெரியாதவன் கண்ணுக்கு எந்தக் கருவியும் கிறுக்குத்தனமாகத்தான் படும். பழைய பிரிட்டிஷ் தோட்டக் கருவிகள் இந்த வகை நகைச்சுவைக்கு வாட்டமான இரையாக இருப்பதும் அதனால்தான்.

வெள்ளரிக்காயை நேராக்கும் கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொள்வோம். ஒரு முழ நீளம், இரு முனையும் திறந்தது, கைக்கு அடக்கமான பருமன். இதை மேசையில் வைத்து 'இது என்ன?' என்று கேட்டால் என்ன நடக்கும் என்பது இத்தகைய நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும். முதல் ஊகம் படுக்கையறையைப் பற்றியதாக இருக்கும், இரண்டாவது கழிப்பறையைப் பற்றியது. அரங்கம் குலுங்கியபின் நடத்துநர் விடையைச் சொல்வார்: வெள்ளரிக்காயை நேராக வளர்க்கும் குழாய், செய்வித்தவர் ரயில் எஞ்சின் புகழ் ஜார்ஜ் ஸ்டீபன்சன். இன்னொரு சிரிப்பு. அடுத்த கேள்வி.

அந்த இரண்டாவது சிரிப்புதான் என்னை உறுத்துகிறது. செஸ்டர்ஃபீல்டு அருகே டாப்டன் மாளிகையில் ஓய்வுக்காலத்தைக் கழித்த ஸ்டீபன்சன் வெள்ளரியில் முதலில் கைவைத்தது குழாயோடு அல்ல. முட்டுக் கொடுத்துப் பார்த்தார், வெப்பத்தைக் கூட்டிக் குறைத்தார், வெளிச்சத்தை மாற்றி விட்டார் என்று சாமுவேல் ஸ்மைல்ஸ் 1857-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு சொல்கிறது. காய் வளைந்தே வளர்ந்தது. பிறகுதான் நியூகாசிலில் கண்ணாடி உருளைகள் செய்யச் சொல்லி, பிஞ்சை அதற்குள் விட்டு வளர்த்தார். ஒன்றை மாற்றிப் பார், பலிக்காவிட்டால் அடுத்ததை மாற்றிப் பார் என்ற அதே புத்திதான் எஞ்சினையும் ஓட வைத்தது. கண்ணாடி வெளிச்சத்தை மறைக்காது. வளரும் காய்க்குப் பக்கவாட்டில் வளைய இடம் தராது. இந்த விளக்கத்துக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைத்தான் சிரிப்பு விழுங்கிவிடுகிறது.

நேரான காய் எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அது, ஆனால் கேட்கப்படுவதில்லை. விருந்து மேசையில் ஒரே அளவு வட்டமாக நறுக்க, கண்காட்சியில் பரிசு வாங்க, பெட்டியில் நெருக்கி அடுக்க. நம் ஊர்ப் பந்தலில் புடலங்காய் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுகிற விவசாயிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. சுருண்ட புடலை சந்தையில் விலைபோகாது என்பது அவருக்குத் தெரியும். ஐரோப்பாவில் இந்தக் கவலை ஸ்டீபன்சனோடு போய்விடவும் இல்லை. முதல் தர வெள்ளரிக்காயில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருக்கக் கூடாது என்று 1988-இல் ஐரோப்பிய விதியே எழுதினார்கள். அது 2009-இல்தான் விலக்கப்பட்டது. கண்ணாடிக் குழாய் காயைத் திருத்தியது. விதிமுறை காயைக் கழித்துக் கட்டியது. இரண்டில் எது சிரிப்புக்கு உரியது என்று யோசித்தால் பழைய காலத்தைப் பார்த்துச் சிரிக்கும் துணிவு நமக்கு வராது.

குதிரைக்குப் போட்ட தோல் செருப்பும் இதே கதைதான். புல்வெட்டும் இயந்திரத்தை இழுத்த மட்டக்குதிரைகளின் குளம்புகளில் தோல் பூட்ஸ் மாட்டிவிடுவது விக்டோரியா காலத்துப் பெரிய தோட்டங்களில் வழக்கம். படத்தைக் காட்டினால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு தொடர் இருக்கிறது. ஸ்ட்ரவுட் பகுதிக் கம்பளித் துணி ஆலைகளில் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராக நறுக்க ஒரு சுழல்கத்தி இயந்திரம் இருந்தது. துணியில் செய்வதைப் புல்லிலும் செய்யலாமே என்று எட்வின் பியர்டு படிங் யோசித்தார். 1830-இல் காப்புரிமை பெற்றார். அதுவரை பனி ஈரம் காயுமுன் விடியலில் இறங்கி அரிவாள் வீசும் ஆட்களால்தான் புல்வெளி சாத்தியம். பிறகு பெரிய புல்வெளிகளுக்குப் பெரிய இயந்திரம் வந்தது, அதை இழுக்கக் குதிரை வந்தது, குதிரையின் குளம்பு வெட்டிய புல்லிலேயே பள்ளம் பதித்தது. செருப்பு அந்தப் பள்ளத்துக்கு விடை. ஆலை, புல்வெளி, குதிரை, செருப்பு என்ற நான்கு கண்ணிகளில் மூன்றை அறுத்துவிட்டுக் கடைசிக் கண்ணியை மட்டும் தூக்கிக் காட்டுவதை எப்படிக் கற்பித்தல் என்பது?

இவற்றைவிட எளிய கருவி ஒன்று உண்டு. டியூடர் காலத்து மண் பூவாளி: கழுத்து ஒடுங்கிய சின்னக் குடம், உச்சியில் கட்டைவிரல் அளவு ஓட்டை, அடிப்பக்கம் முழுக்க ஊசித்துளைகள். தண்ணீரில் அமிழ்த்தினால் துளைகள் வழியாகவே நிரம்பும். உச்சி ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கினால் அடியில் அத்தனை துளை இருந்தும் சொட்டுக்கூட விழாது. நாற்றின் மேல் கொண்டுபோய் விரலை எடுத்தால் தூறல் போலப் பொழியும், அடைத்தால் நிற்கும். அப்போதுதான் முளைத்த கீரை நாற்றுக்கு இதைவிடப் பதமாக நீர் விட முடியாது. காற்றழுத்தம் என்ன என்பதை மேசையிலேயே, கையிலேயே காட்டக்கூடிய பாத்திரம் இது. 'இது என்ன?' என்று கேட்பதற்குப் பதில் 'இது ஏன் ஒழுகவில்லை?' என்று கேட்டால் அரங்கம் முழுவதும் ஒரு நிமிடம் யோசிக்கும். யோசனைக்குப் பிறகு வரும் சிரிப்பு வேறு வகை. அதில் வியப்பு கலந்திருக்கும். நிகழ்ச்சிகள் முதல் கேள்வியைத்தான் கேட்கின்றன, ஏனென்றால் அதற்குத் தவறான விடைகள் வேடிக்கையானவை.

இதுவரை சொன்னது அறிவின் இழப்பு. இதைவிடப் பெரிய இழப்பு கருவியைப் பிடித்த கையை மறப்பது. காரணத்தை நீக்கிய பொருளிலிருந்து ஆளும் நீங்கிவிடுகிறார். கண்ணாடிக் குழாயை ஒவ்வொரு பிஞ்சுக்கும் மாட்டிவிட்டது பெரும்பாலும் தோட்டத்துப் பையன். அன்னாசி வளர்த்த சூட்டுக் குழிக்குக் குதிரை எருவைச் சூடு குறையாமல் மாற்றி மாற்றி நிரப்பியவன், கண்ணாடி வீட்டுக் கொதிகலனுக்கு இரவில் எழுந்து கரி போட்டவன் அவனே. 'அந்தக் காலத்துச் சீமான்களின் கிறுக்கு' என்று சிரிக்கும்போது சீமானை மட்டும்தான் பார்க்கிறோம்.

சில பொருள்களில் இது வெறும் மறதியாக நிற்பதில்லை. தோட்டங்களில் திருடர்களைச் சுட வைத்த பொறித்துப்பாக்கிகளும் விநோதப் பொருள்கள் வரிசையில்தான் வருகின்றன: கம்பியைக் கால் இடறினால் தானே வெடிக்கும். 1825-இல் பிரிஸ்டல் அருகே தன் ட்யூலிப் பூக்களைக் காக்க ஒருவர் சுவருக்குள் இதை வைத்திருந்தார், எச்சரிக்கைப் பலகைகூட இல்லாமல். அக்கம்பக்கத்தாரின் பெண்மயில் ஒன்று உள்ளே பறந்து போக, அதைப் பிடித்துத்தரச் சுவரேறிய 19 வயது இளைஞனின் முழங்கால் சிதைந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1827-இல், இந்தத் துப்பாக்கிகளுக்குச் சட்டம் தடை போட்டது. 1828-இல் தீர்ப்பும் அந்த இளைஞனுக்குச் சாதகமாக வந்தது. பூவுக்காக மனிதக் காலைப் பணயம் வைத்த சமூகத்தைப் பற்றி இந்த ஒரு கருவி பேசும். விநோதம் என்ற தலைப்பின் கீழ் அது பேசாது.

செடி வளர்க்கும் மூடிய கண்ணாடிப் பெட்டியான வார்டியன் பெட்டி நமக்கு இன்னும் நெருக்கமானது. லண்டன் மருத்துவர் நதானியேல் பாக்ஷா வார்டு 1829-இல் ஒரு பூச்சிக்கூட்டை மண்ணோடு மூடிய கண்ணாடிக் குடுவையில் வைத்தார். பூச்சிக்கு முன்னே பெரணி முளைத்தது. நகரத்துக் கரிப்புகை அண்டாத, தன் ஈரத்தைத் தானே சுழற்றிக்கொள்ளும் இடம் கிடைத்ததால் செடி பிழைத்தது. அந்தக் குடுவையே பின்பு பெட்டியானது. வரவேற்பறையில் பெரணி வளர்த்த மோகத்தின் அடையாளமாக இந்தப் பெட்டியைக் காட்டிச் சிரிப்பது சுலபம். ஆனால் அது 1833-இல் சிட்னிக்குக் கப்பலேறிய பிறகு உலகின் தோட்டங்கள் இடம்பெயர்ந்தன. சீனத் தேயிலைச் செடிகளைத் தாவரச் சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் இமயச் சரிவுகளுக்குக் கொண்டுவந்தது இதில். குவினைன் மருந்து தரும் தென் அமெரிக்கச் சின்கோனா உதகைக்கு வந்தது இதில். 1860-இல் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்த செடிகள் செத்துப்போக, அடுத்து வந்தவை நீலகிரியில் வேர்பிடித்தன. 1876-இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 ரப்பர் நாற்றுகள் 38 வார்டியன் பெட்டிகளில் இலங்கைக்குப் போயின. அதன் தொடர்ச்சியாக எழுந்த மலாயா ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இதை வாசிக்கக்கூடும். அவர்களிடம் போய் இந்தப் பெட்டி வேடிக்கையான பழம்பொருள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அரைமணி நேர நகைச்சுவை நிகழ்ச்சியில் இவ்வளவையும் எப்படிச் சொல்வது என்பது அடுத்த எதிர்வாதம். சொல்ல முடியும் என்பதற்கு பிபிசியே சாட்சி. 1952 முதல் 1959 வரை ஓடிய 'அனிமல், வெஜிடபிள், மினரல்?' நிகழ்ச்சியும் விநோதப் பொருளை முன்னால் வைத்து 'இது என்ன?' என்று கேட்டதுதான். ஆனால் அருங்காட்சியகங்கள் அனுப்பிய அந்தப் பொருள்களை அறிஞர்கள் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, தேய்மானத்தையும் எடையையும் வைத்து வாய்விட்டு யோசித்தார்கள். 1945-இல் அரிக்கமேட்டைத் தோண்டிய அதே மார்டிமர் வீலர்தான் அதன் நாயகர். 1954-இன் சிறந்த தொலைக்காட்சி ஆளுமை என்ற பட்டமும் வாங்கினார். மக்கள் ரசித்தது ஒரு மூளை விடையை நோக்கி நகர்வதை. 1987-இல் வந்த 'தி விக்டோரியன் கிச்சன் கார்டன்' தொடரில் முதிய தலைமைத் தோட்டக்காரர் ஹாரி டாட்சன் அந்தப் பழைய கருவிகளைத் தோட்டத்திலேயே கையாண்டு காட்டினார். பொருளும் சிக்கலும் கையும் ஒரே சட்டகத்தில் இருந்தன. அதற்கு ரசிகர்கள் குறையவில்லை.

ஆகவே தடை நேரத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. இன்றைய வேடிக்கை நிகழ்ச்சி பொருள், சிரிப்பு, விடை என்று போகிறது. காரணத்துக்கு அதில் இடமே ஒதுக்கப்படவில்லை. விடை தெரிந்த பார்வையாளர் தான் அறிந்துகொண்டதாக நினைத்து எழுகிறார். உண்மையில் அவர் ஒரு பெயரைத்தான் அறிந்தார், கூடவே முன்னோர் எல்லாம் கொஞ்சம் அசடுகள் என்ற எண்ணத்தையும் வாங்கிக்கொண்டார். இந்த இரண்டாவது பாடம்தான் ஆபத்து. தன் காலத்தின் சிக்கல்களை நேர்கொண்டு தீர்த்தவர்களை இளக்காரமாகப் பார்க்கப் பழகியவன், தன் காலத்துக் கருவிகளைக் கேள்வி கேட்கும் பழக்கத்தையும் இழக்கிறான். எந்தப் பொருளும் நெருங்கிப் பார்த்தால் சுவையானது என்ற கொள்கையை இந்த நிகழ்ச்சிகள் மெய்யாகவே நம்பினால், அடுத்த முறை கண்ணாடிக் குழாயை எடுத்து வைக்கும்போது முதலில் வளைந்த வெள்ளரிக்காயைக் காட்டட்டும். 'இதை எப்படி நேராக்குவீர்கள்?' என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு வரும் தவறான விடைகளும் வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் அப்போது நாம் சிரிப்பது நம் கையாலாகாமையைப் பார்த்து.