மழையில் இடம் கொடுத்தவர்கள்: பாஷோவின் நூலும் சோராவின் நாட்குறிப்பும்

1689-ல் இரண்டு பேர் எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) கிளம்பி, ஜப்பானின் வடபகுதியைச் சுற்றி, மேற்குக் கடற்கரை வழியாகக் கீழே இறங்கி வந்தார்கள். ஒருவர் மட்சுவோ பாஷோ, ஹைக்கூ என்றதும் நாம் சொல்லும் முதல் பெயர். அப்போது அவருக்கு 46 வயது, ஜப்பானியக் கணக்கில். மற்றவர் அவருடைய சீடர் கவாய் சோரா. ஏறக்குறைய ஐந்து மாதம், சுமார் 2,400 கிலோமீட்டர். பெரும்பகுதி நடை, நடுநடுவே குதிரை, படகு. மழைக்காலம் முழுவதும் வழியில்தான் கழிந்தது.

இந்தப் பயணத்துக்கு இரண்டு ஆவணங்கள் இருக்கின்றன. ஒன்று, பாஷோ எழுதிய 'ஓகு நோ ஹோசோமிச்சி'. உள்வடக்குக்குப் போகும் ஒற்றையடிப் பாதை என்று தோராயமாகச் சொல்லிக்கொள்ளலாம். பல வருஷம் திருத்தித் திருத்தி எழுதிய சின்னப் புத்தகம். பாஷோ 1694-ல் இறந்தார், புத்தகம் அச்சானது 1702-ல். இன்னொன்று, சோரா வழியில் எழுதிய நாட்குறிப்பு. இது வெளியுலகத்துக்கு வந்தது 1943-ல்தான். அதாவது இருநூற்று நாற்பது வருஷம் பாஷோவின் நூல் மட்டும் தனியாகப் படிக்கப்பட்டது. அதன் பிறகுதான் சரிபார்க்க ஒரு பதிவு கிடைத்தது.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். சோராவின் நாட்குறிப்பைப் பார்த்தால் எனக்கு லாக் ஃபைல்தான் ஞாபகம் வரும். தேதி, வானிலை, கிளம்பிய நேரம், தூரம், தங்கின வீட்டுக்காரர் பெயர். அவ்வளவுதான். உணர்ச்சி ஏதும் இருக்காது. பாஷோவின் நூலை இதோடு வரிசையாக வைத்துப் பார்த்தால் முரண்பாடுகள் கொட்டும். ஓர் உதாரணம்: நிக்கோ மலையடிவாரத்தில் மூன்றாம் மாதம் 30-ஆம் தேதி தங்கியதாகப் பாஷோ எழுதுகிறார். அந்த வருஷம் அந்த மாதத்துக்கு 29 நாள்தான்! சோராவின் பதிவில் அது நான்காம் மாதம் 1-ஆம் தேதி.

இந்த இடத்தில் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது வழக்கம். ஒரு கட்சி "பாஷோ பொய் சொல்கிறார்" என்கிறது. இன்னொன்று "கலைஞனுக்கு அந்த உரிமை உண்டு" என்கிறது. எனக்கு இரண்டுமே சீக்கிரம் அலுத்துவிட்டது. நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. மழையில் நனைந்து வந்த இரண்டு பேருக்கு வழியெல்லாம் யார் யாரோ இடம் கொடுத்தார்கள். புத்தகத்தில் அவர்கள் என்ன ஆனார்கள்?

முதலில் மூட்டை. கிளம்பின முதல் நாளே பாஷோ தோள்வலியைப் பற்றிப் பேசுகிறார். குளிருக்குக் காகித அங்கி, ஒரு பருத்தி உடை, மழைக்கோலம், மை, தூரிகை. போதாததற்கு வழியனுப்ப வந்தவர்கள் கொடுத்த பரிசுகள், தூக்கிப் போடவும் மனசில்லை. இன்று பேக்பேக் மாட்டிக்கொண்டு கிளம்புகிற யாருக்கும் இந்தப் பத்தி உடனே பிடிபடும். இங்கே புகார் இருக்கிறது, கூடவே நன்றியும் இருக்கிறது. கொடுத்தவர்களை அவர் சுமந்துகொண்டுதான் போகிறார். ஆனால் நூல் முழுக்க இப்படி இல்லை.

ஈசாகா என்ற வெந்நீர் ஊற்று ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். பாஷோவின் கணக்கில் அது ஒரு நரக இரவு. மண் தரையில் பாய், விளக்கு கிடையாது, இடி, தலைக்கு மேல் ஒழுகும் கூரை, தெள்ளுப்பூச்சி, கொசு, போதாததற்குப் பழைய வியாதி வேறு. வழியிலேயே செத்தாலும் சரி என்கிற அளவுக்குப் போய்விடுகிறார். சோரா என்ன எழுதியிருக்கிறார்? ஈசாகாவில் தங்கினார்கள், குளித்தார்கள், மாலையிலிருந்து மழை, இரவில் வலுத்தது. முடிந்தது.

இதை வைத்து பாஷோ மிகைப்படுத்துகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். உடம்பு முடியாதவருக்கும் முடிந்தவருக்கும் ஒரே அறை இரண்டு அறைதான். லாக் ஃபைலில் வலிக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. சோராவின் மௌனத்தைச் சாட்சியாக எடுத்துக்கொண்டால் நாம்தான் ஏமாந்து போவோம்.

அடுத்தது சகாய்தா. எல்லைக் காவல் வீட்டில் மழைக்கு ஒதுங்கி, மூன்று நாள் மாட்டிக்கொண்டதாகப் பாஷோ சொல்கிறார். சோராவின் பதிவில் இரண்டு இரவு, நடுவில் ஒரு நாள் முழுக்கப் பெருமழை. இந்த வீட்டைப் பற்றித்தான் தெள்ளுப்பூச்சியும் பேனும் தலைமாட்டில் குதிரை மூத்திரம் பெய்வதும் வருகிற புகழ்பெற்ற ஹைக்கூ. அதை மட்டும் படித்தால் இடிந்த குடிசை ஒன்று மனசில் எழும்பும். ஆனால் அது ஊர்த்தலைவரின் வீடு என்று சோராவின் குறிப்பு காட்டுகிறது. இன்றும் யமகாதா மாவட்டத்தில் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது, நல்ல பெரிய வீடு. குதிரை உள்ளே நின்றதும் உண்மைதான். அந்தப் பக்கம் குதிரை வளர்ப்புக்குப் பேர் போனது. விலைமதிப்பான பிராணியைப் பனியிலும் மழையிலும் வெளியே விட மாட்டார்கள், ஒரே கூரைக்குள் கட்டுவார்கள். எடோவிலிருந்து வந்தவருக்கு அசிங்கமாகப் பட்டது, அந்த வீட்டுக்காரருக்குச் சொத்து.

ஆனால் கொஞ்சம் பொறுங்க. அதே இடத்தில் பாஷோவின் உரைநடையையும் படிக்க வேண்டும். கணவாய்ப் பாதை ஆபத்தானது, வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்கிறார். குத்துவாளும் தடியுமாக வாட்டசாட்டமான இளைஞன் ஒருவன் துணைக்கு வருகிறான். காட்டைத் தாண்டி விட்டபிறகு, இங்கே வழக்கமாக ஏதாவது அசம்பாவிதம் நடக்கும், இன்று நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்த்தேன் என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறான். கவிதை வீட்டை இறக்குகிறது, உரைநடை வீட்டுக்காரரை உயர்த்துகிறது. கவிதையை மட்டும் கத்தரித்துப் பகிர்கிற நம் இணைய வழக்கத்தில் அந்த இளைஞன் தொலைந்துபோகிறான். அதற்குப் பாஷோ பொறுப்பில்லை.

இஷினோமாகி விஷயம் அப்படி இல்லை.

பாஷோ சொல்வது: வழி தவறி, எதிர்பாராமல் அந்தத் துறைமுக ஊருக்கு வந்துவிட்டோம். தங்க இடம் கேட்டால் ஒருவரும் கொடுக்கவில்லை. கடைசியில் ஓர் ஏழைக் குடிசையில் இரவைக் கழித்தோம். சோரா சொல்வது: வழியில் தாகம். வீடு வீடாகக் கேட்டும் யாரும் வெந்நீர் தரவில்லை. அப்போது எதிரே வந்த வாள் தரித்த ஒரு வழிப்போக்கர் இரக்கப்பட்டு, வந்த வழியே திரும்பி, தனக்குத் தெரிந்த வீட்டில் சொல்லி வெந்நீர் வாங்கிக் கொடுத்தார். இஷினோமாகியில் இன்னார் வீட்டில் தங்குங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். அவர்களும் அந்த வீட்டைத் தேடிப் போய்த் தங்கினார்கள்.

அப்படியானால் இடம் மறுக்கப்படவே இல்லையா? மறுக்கப்பட்டது, ஆனால் அடுத்த நாள் வேறோர் ஊரில். தோயோமாவில் ஒருவர் இடம் தர மறுக்க, ஊர் அதிகாரியிடம் சொல்லி அவர் வழியாகத் தங்கினார்கள். பாஷோவின் நூலில் தோயோமாவுக்கு ஒரு வரிதான், அங்கே ஓர் இரவு தங்கினதாக.

ஆக, மூன்று தனித்தனிச் சம்பவங்கள்: தண்ணீர் மறுப்பு, அந்நியரின் உதவி, மறுநாள் இட மறுப்பு. பாஷோ முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்து இஷினோமாகியில் வைத்துவிட்டார். நடுவில் இருந்ததை அழித்துவிட்டார். ஏன் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. அவருடைய முன்மாதிரி சாய்கியோ (1118–1190), ஊர் ஊராக அலைந்த துறவிக் கவிஞர். வழி தவறிய, ஒண்ட இடமில்லாத நாடோடி என்பது அந்த மரபின் மையப் படிமம். யாரோ நல்ல மனுஷன் சொன்ன விலாசத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தார்கள் என்றால் அந்தப் படிமம் கலைந்துவிடும். கட்டுமானத்துக்காக மனுஷனை எடுத்துவிட்டார். தேதியை மாற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஓர் உதவியை அழித்து, அந்த இடத்தில் ஓர் ஊரையே கல்மனசுக்கார ஊராக்கினால் அது வேறு கணக்கு.

இனி மேற்குக் கடற்கரை. கிசகதாவை மழையில் அடைகிறார்கள். அப்போது அது சிறுதீவுகள் நிறைந்த கடற்கழி. மலையை மழை மறைத்திருக்கிறது. மறைந்திருப்பதும் ஓர் அழகுதானே, விட்ட பிறகு எப்படி இருக்கும் என்று யோசித்தபடி ஒரு மீனவக் குடிசையில் ஒண்டுகிறார். மறுநாள் வெயில், படகு. மழையை இடைஞ்சலாகப் பார்க்காமல் காட்சியின் பகுதியாக எடுத்துக்கொள்ளும் இந்தப் பக்கங்களுக்கு நிகராகப் பயண எழுத்தில் நான் அதிகம் படித்ததில்லை. 1804-ல் வந்த பூகம்பத்தில் அங்கே தரை இரண்டு மீட்டருக்கு மேல் உயர்ந்து கழி வற்றிவிட்டது. அன்றைய தீவுகள் இன்று வயல்களுக்கு நடுவே மேடுகளாக நிற்கின்றன.

அதன் பிறகு எச்சிகோ கரை. இங்கே பாஷோவுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. ஒன்பது நாள், வெக்கையும் மழையும் வியாதியும், அதனால் எதையும் எழுதவில்லை என்று முடித்துவிடுகிறார். சோராவின் பதிவில் அந்தக் கரைக்கு ஆனது ஒன்பது நாளல்ல, பதினைந்து நாள் வரும். அந்த ஒன்பதுக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன பாருங்கள்.

காஷிவாசாகியில் அறிமுகக் கடிதத்தோடு ஒரு வீட்டுக்குப் போகிறார்கள். தங்க ஏற்பாடு நடக்கிறது, ஆனால் ஏதோ மனக்கசப்பு, எழுந்து வெளியேறிவிடுகிறார்கள். பின்னாலேயே இரண்டு தடவை ஆள் ஓடிவந்து தடுக்கிறது. நிற்கவில்லை. அவ்வப்போது தூறல். அதிலேயே நடந்து அடுத்த ஊர். மறுநாள் இமாமாச்சியில் ஒரு கோயில், துக்கம் நடந்த சமயம் என்று இடம் தரவில்லை. கிளம்பிப் போகிறவர்களை அந்த ஊர்க்காரர் ஒருவர் ஆள் அனுப்பித் திரும்பக் கூப்பிடுகிறார். அந்த நேரம் பார்த்து மழை பிடிக்க, நல்லதாகப் போயிற்று என்று திரும்புகிறார்கள். மழைக்கு முன்னால் கௌரவம் எவ்வளவு நேரம் தாங்கும்! முதல் நாள் தாங்கியது, இரண்டாம் நாள் தாங்கவில்லை. சாடோ தீவும் பால்வீதியும் சேர்ந்து வருகிற பெரிய கவிதையும் இந்தக் கரையில் பிறந்ததுதான். சாடோவுக்கு எதிர்க்கரையான இசுமோசாகியில் அவர்கள் தங்கிய இரவில் பலத்த மழை என்கிறது சோராவின் பதிவு.

பிறகு இச்சிபுரி. ஓயாஷிராசு பாறைக்கரையைத் தாண்டி, களைத்துப்போய்ச் சீக்கிரம் படுக்கிறார் பாஷோ. பக்கத்து அறையில் பெண்குரல்கள். நீகாதாவிலிருந்து இசே கோயிலுக்குப் போகும் இரண்டு பரத்தையர். காலையில் அவர்கள் அழுதுகொண்டே கேட்கிறார்கள், வழி தெரியாது, தூரத்திலிருந்தாவது உங்கள் பின்னால் வருகிறோம் என்று. பாஷோ மறுக்கிறார். நாங்கள் பல இடத்தில் தங்குகிறவர்கள், அந்தப் பக்கம் போகிற மற்றவர்களோடு போங்கள், தெய்வம் காக்கும். பிறகு மனசு உறுத்துகிறது. ஒரே கூரையை வைத்து ஒரு கவிதை. அதைச் சோராவிடம் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார் என்று முடிக்கிறார். சோராவின் நாட்குறிப்பில் இதைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை.

கற்பனை என்றே பலர் கருதுகிறார்கள், நானும்தான். பின்னால் சாய்கியோ கதை ஒன்றும் இருக்கிறது. எகுச்சியில் மழைக்கு ஒதுங்க இடம் கேட்கும் துறவிக்கு ஒரு பரத்தை மறுப்பு சொல்லும் கதை. பாஷோ அதைத் தலைகீழாக்குகிறார். கேட்பவர்கள் பெண்கள், மறுப்பவர் கவிஞர்.

என் வாசிப்பு இது. நூல் முழுக்க மற்றவர்கள் கூரைக்குள் புகுந்தவர், ஒரே ஒரு தடவை தன்னிடம் துணை கேட்கப்படும்போது இல்லை என்கிறார். கற்பனை என்றால், தான் மறுப்பதாகவே கற்பனை செய்திருக்கிறார். தனக்குச் சாதகமாக ஒரு காட்சி புனைவது சுலபம். இவர் தன்மேல் ஒரு கடனைப் புனைந்து எழுதி வைத்திருக்கிறார். காஷிவாசாகியில் தனக்கு வந்த கோபத்தை நீக்கிவிட்டு, அதே கரையில், சில பக்கம்கூடத் தள்ளாமல், தான் மறுத்த கதையை வைத்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. தன்னை மதிக்காதவர்கள்மேல் இருந்த குறையை எடுத்துவிட்டுத் தன்மேல் ஒரு குறையை வைத்திருக்கிறார். அதற்காகவே எச்சிகோவின் மௌனத்தை நான் மன்னித்துவிடுவேன்.

இஷினோமாகியை மன்னிக்க முடியவில்லை. நாசு சமவெளியில் குதிரை கொடுத்த விவசாயியும் பின்னால் ஓடிவந்த சிறுமியும் நூலில் அவ்வளவு அழகாக இருக்கிறார்கள். நேர்மையான சத்திரக்காரருக்கும் இடம் இருக்கிறது. எனவே பாஷோவுக்குச் சாதாரண மனிதரின் உதவி கண்ணில் படாமல் இல்லை. பட்டும், ஒரு பத்தியின் தொனிக்காக விட்டிருக்கிறார். அந்த வழிப்போக்கரின் பெயரைச் சோரா குறித்து வைத்திருக்கிறார், அவர் திரும்பி நடந்த தூரத்தையும்கூட. 1943 வரை அந்த மனிதருக்கு இலக்கியத்தில் இடமே இல்லை.

பாஷோவைப் படிக்க ஆரம்பிக்கிறவர்கள் முதலில் நூலைப் படியுங்கள், வரைபடம், குறிப்புகள் எதுவும் வேண்டாம். இரண்டாவது தடவை சோராவின் பதிவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆங்கில மொழிபெயர்ப்புகளின் அடிக்குறிப்புகளிலேயே முக்கியமானவை கிடைத்துவிடும். ஐந்தாம் மாதம் 10-ஆம் தேதிக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படிக்கவும். அன்று அங்கே ஒருவர் வெந்நீர் வாங்கிக் கொடுத்தார்.